கையால் தட்டிய கோடுகள்

நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் பி.டி.எஃப். ஆக்கச் சொல்லி பட்டனை அழுத்திவிட்டுத் தணிகாசலம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். திரையின் நடுவே சின்னப் பெட்டி ஒன்று வந்தது, அதற்குள் பச்சையாக ஒரு பட்டை, பட்டைக்கு மேல் பக்கம் 3 என்று எழுத்து. இந்தக் கம்ப்யூட்டர் வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. படம் நிறைந்த புத்தகம் என்றால் இருபது நிமிஷமாவது எடுத்துக்கொள்ளும், அதுவரை வேறெதையும் தொடவிடாது, தொட்டால் அப்படியே நின்றுவிடும். ஆகவே சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா உட்காருவதுதான் இந்தப் பத்து நாளாக அவனுக்கு ஆகாத காரியம். வேலை இருந்தால் கை ஓடும், கை ஓடினால் மனசு கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருக்கும். பட்டை முடிந்ததும் கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி மிக்கேல் சார் கூப்பிடுவார். ஃபைல் போய்விட்டதா என்று கேட்பார். போய்விட்டது என்றதும், அந்தப் பொண்ணை வரச் சொல்லு என்பார். அந்தப் பொண்ணு, விண்ணரசி, உள்ளே போய்விட்டு வெளியே வரும்போது அவளுக்கு இந்த அச்சகத்தில் வேலை இருக்காது. அது அவளுக்குத் தெரியும், இவனுக்குத் தெரியும், பின்கட்டில் பைண்டிங் செய்கிற நான்கு பேருக்கும் தெரியும். அவள் எந்தத் தப்புக்காகப் போகிறாளோ அந்தத் தப்பு யாருடையது என்பது மட்டும் தணிகாசலத்தைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்பது அவனுடைய நினைப்பு. பக்கம் 9.

அடுத்த மேஜைதான் அவளுடையது. திரும்பாமலே தெரிந்தது, இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருக்கிறாள். ஒரு துணிப்பை, அதற்குள் தண்ணீர் பாட்டில், வேளாங்கண்ணி மாதா படம் போட்ட சின்ன காலண்டர், ஏசி குளிருக்குப் போர்த்திக்கொள்கிற பழைய துப்பட்டா. ஒவ்வொன்றாக, சத்தம் வராமல். சத்தம் வந்திருந்தால் தேவலை என்று இருந்தது தணிகாசலத்துக்கு. டமாரென்று இழுப்பறையைச் சாத்தியிருந்தால், இவளுக்கும் திமிர் உண்டு என்று மனசுக்குள் ஒரு பிடி கிடைத்திருக்கும். அவளோ ஆஸ்பத்திரியில் நோயாளி தூங்கும்போது மூட்டை கட்டுகிற மாதிரி கட்டுகிறாள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கீழே வைத்த வாளியில் விழுந்தது. சொட்டு. இன்னொரு சொட்டு. நாளைக்கு வாளியைக் கொட்டுவது யார்? ஆறு மாசமாக அவள்தான் கொட்டுகிறாள், யாரும் சொல்லாமலே. பார், இந்த மூளை எங்கே போகிறது. ஒருத்தி வேலையை இழந்து போகிறாள், இவனுக்கு வாளிக் கவலை. வந்த புதிதில் அவள் இவனை அண்ணா என்று கூப்பிட்டாள். அண்ணா, இந்தப் படத்த எங்க வெக்கிறது, அண்ணா, டீ சொல்லட்டுமா, அண்ணா, வேலை நிரந்தரம் ஆயிட்டா வீட்டுல ஒரு வருஷம் வாயத் தொறக்க மாட்டாங்க, இல்லாங்காட்டி காரைக்கால்ல ஒருத்தருக்குக் கட்டிக்குடுத்துட்டுத்தான் மறுவேலை பாப்பாங்க. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தக் காரைக்கால்காரனைப் பற்றி இவனும் கிண்டல் செய்தான், மீன் நல்லா கிடைக்கும் போ என்று. பத்து நாளைக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு மேல் அவள் இவனை அண்ணா என்று கூப்பிடவில்லை. சார் என்றாள். மரியாதை கூடிவிட்டது. அந்த மரியாதை காதில் விழும்போதெல்லாம் தணிகாசலத்துக்குக் காது மடல் சூடாகும். பக்கம் 41.

நாற்பத்தொன்றில் பூநீறுச் செடி. புத்தகம் முழுக்கச் செடிதான், புதுச்சேரியிலிருந்து காரைக்கால் வரைக்கும் கடலோரத்தில் முளைக்கிற அத்தனையும், ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி, பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ். கொண்டுவந்தவர் மதாம் கொலெத், ஊரில் முப்பது வருஷமாகச் செடி பார்த்துக்கொண்டிருக்கிற அம்மாள், வெயிலில் மூக்கு உரிந்தபடியே இருக்கும். முதல் பத்துப் பக்கம் போட்டுக் காட்டினபோது அவர் பிரெஞ்சைப் பார்த்துத் தலையாட்டினார், ஆங்கிலத்தைப் பார்த்துத் தலையாட்டினார், தமிழ்ப் பத்தியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது லட்சணம். பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் சாஃப்ட்வேருக்குள்ளேயே அகராதி இருக்கிறது. வரி முடிகிற இடத்தில் நீளமான சொல் வந்தால் அதுவாகவே பார்த்து உடைத்து ஒரு ஹைஃபன் போட்டு மிச்சத்தை அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். தமிழுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள், இவன் போட்டுப் பார்த்தான், செடிகளிலி என்று ஒரு வரியில் நிறுத்தி, ருந்து என்று அடுத்த வரியைத் தொடங்கிற்று. போடா என்று அதை அணைத்துவிட்டான். அணைத்தால் சொல் உடையவே உடையாது. குறுகலான பத்தி, தமிழ்ச் சொல்லோ முழ நீளம், வரிக்கு வரி பல் போன வாய் மாதிரி இடைவெளி. மிக்கேல் சார் கவலையோடு இவன் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் தணிகாசலம் அந்த வசனத்தைப் பேசினான். மதாம், பிரெஞ்சுக்கு மிஷின் இருக்குது, தமிழுக்கு நான் இருக்கேன். ஒவ்வொரு வரியையும் கண்ணால பாத்து நானே கையால உடைச்சுத் தரேன். அம்மாளுக்குத் தமிழ் நன்றாக வரும். மெர்சி என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். மிக்கேல் சார் அன்றைக்குச் சாயங்காலம் எல்லாருக்கும் மசால் வடை வாங்கிக் கொடுத்தார். வடை நினைப்புக்கு வந்ததும் இப்போது வாயில் எண்ணெய்க் கசப்பு ஏறியது. நான் இருக்கேன். என்ன ஒரு நெஞ்சு நிமிர்த்தல். யார் கேட்டது? பக்கம் 88, பக்கம் 89, படம் பெரிசு போலிருக்கிறது, நிற்கிறது, தொண்ணூறு.

கையால் உடைப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சொல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டை வைப்பது. சொல் வரிக்கோடியில் வந்தால் மட்டும் கோடு தெரியும், வரி நகர்ந்து சொல் நடுவே போய்விட்டால் மறைந்துகொள்ளும். அதற்கு மூன்று விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். இன்னொன்று, சாதாரண ஹைஃபனைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பது. ஒரே விசை. தாளில் அச்சாகும்போது இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது, கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. வரி நகராத வரைக்கும். விண்ணரசி சேர்ந்த இரண்டாவது வாரம் இவனே அவளிடம் சொன்னான், எப்பவும் மூணு விசைதான் போடணும், சோம்பேறித்தனமா ஒத்தை விசை தட்டின, பத்தி ஒரு மில்லி நகந்தாலும் கோடெல்லாம் வரி நடுவுல வந்து பல்லக் காட்டும். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். முதல் இருபது பக்கம் இவனும் மூன்று விசைதான் போட்டான். அப்புறம் சுண்டுவிரல் வலித்தது. அப்புறம் மதாம் பாதிப் புத்தகத்தைச் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்றார். அப்புறம், யார் நகர்த்தப் போகிறார்கள், நான்தானே கடைசி வரைக்கும் பார்க்கப் போகிறேன் என்று ஒரு எண்ணம் வந்தது, அது வந்த இடம்கூட ஞாபகம் இருக்கிறது, பக்கம் இருபத்துமூன்று, அடம்புக் கொடி. அன்றையிலிருந்து ஒத்தை விசை. டக், டக், டக். வேகத்தைப் பார்த்து மிக்கேல் சார் தோளில் தட்டினார். தட்டும்போது குனிந்து திரையைப் பார்த்துவிடுவாரோ என்று ஒரு கணம் பயந்தான், பார்த்தாலும் அவருக்கு என்ன தெரியும். தெரியாதவர் முன்னால் ஏமாற்றுவது எவ்வளவு சுலபம், எவ்வளவு அசிங்கம். பக்கம் 137.

மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் திண்டிவனம் போய் மூன்று நாள் இருந்தான். அந்த மூன்று நாளில்தான் மதாம் படங்களை வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டுத் தமிழ்ப் பத்தியைக் கொஞ்சம் அகலமாக்கச் சொன்னார். மிக்கேல் சார் விண்ணரசியிடம் சொன்னார். அவள் அகலமாக்கினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. எழுபத்தெட்டு மில்லிமீட்டர் தொண்ணூற்றிரண்டு ஆயிற்று, வரிகள் நகர்ந்தன, தட்டிய கோடுகள் அத்தனையும் வரி நடுவில் வந்து உட்கார்ந்தன. முதல் இரண்டொரு பக்கம் பார்த்தவள், தணிகாசலம் அண்ணா பார்த்த பக்கம்தானே என்று மிச்சத்தைப் பார்க்காமல் மதாமுக்கு அனுப்பிவிட்டாள். அது அவள் தப்பு இல்லையா என்று இவன் இந்தப் பத்து நாளில் நூறு தடவை கேட்டுக்கொண்டிருப்பான். பார்த்திருக்கணுமா இல்லையா? பார்த்திருக்கணும். சரி, அப்ப அவளும் பாதிக் குத்தவாளி. அப்படிச் சொன்னதும் கொஞ்சம் மூச்சு வரும். அடுத்த நிமிஷமே, அவள் ஏன் பார்க்கவில்லை என்பது ஞாபகத்துக்கு வரும். உன்னை நம்பினதால் பார்க்கவில்லை. மூச்சு மறுபடியும் அடைத்துக்கொள்ளும். திங்கட்கிழமை இவன் உள்ளே நுழையும்போது நடு மேஜையில் பக்கங்கள் பரப்பிக் கிடந்தன, மதாம் போட்ட சிவப்பு வட்டங்கள், பக்கத்துக்குப் பத்து, பன்னிரண்டு. மிக்கேல் சார் கத்திக்கொண்டிருந்தார். பைண்டிங் ஆட்கள்கூடக் கையில் பசையோடு எட்டிப் பார்த்தார்கள். நான் பத்தி அகலத்தை மட்டும்தான் சார் மாத்துனேன், வேற எதயும் தொடல, என்று விண்ணரசி சொன்னாள். இன்னா தணிகாசலம் இது, என்று அவர் இவன் பக்கம் திரும்பினார். இவன் யோசித்துச் சொல்லவில்லை, சத்தியமாக யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்து, வேலை தெரிந்தவன் குரலில், நிதானமாக, இந்தப் பொண்ணு ஆட்டோமேட்டிக்க ஆன் பண்ணி உட்டிருக்கும் சார், தமிழுக்குப் பிரெஞ்சு அகராதி ஓடியிருக்குது, அதான் கண்ட இடத்துல ஒடச்சு வெச்சிருக்குது, என்றது. எவ்வளவு நல்ல பொய். கேட்டவர்களுக்குப் பாதி புரியவில்லை, புரியாததாலேயே நம்பினார்கள். விண்ணரசி இவனை ஒரே ஒரு தடவை பார்த்தாள். கோபமா? கோபம் இல்லை. பேருந்தில் தெரிந்தவர் என்று நினைத்துச் சிரிக்கப்போய், கிட்டே வந்ததும் வேறு யாரோ என்று தெரிந்தால் ஒரு பார்வை வருமே, அது. பிறகு, சரி சார், நான் எடுத்துடறேன், என்றாள். ஆறு மாசம் பாத்தாச்சு, என்றார் மிக்கேல் சார், இந்த வேலை முடியட்டும், மாசக் கடைசியில கணக்க முடிச்சிக்கலாம். பக்கம் 204, பாதி தாண்டிவிட்டது. இன்றைக்குத்தான் மாசக் கடைசி.

எடுத்தாள், ஒன்பது நாள். மொத்தமாக அழித்துவிட முடியாது, வருஷங்களுக்கு நடுவில் வருகிற கோடு, இரட்டைப் பெயர்களுக்கு நடுவில் வருகிற கோடு எல்லாம் சேர்ந்து போய்விடும், ஒவ்வொன்றாகத் தேடி, பார்த்து, வேண்டியதை விட்டு, வேண்டாததை அழிக்க வேண்டும். தேடு, அழி. தேடு, அழி. அவளுடைய கீபோர்டில் அழிக்கிற விசை கொஞ்சம் தளர்ந்தது, அழுத்தினால் கிளுக் என்று ஒரு சத்தம். ஒன்பது நாள் அந்தச் சத்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவன் கல்யாணப் பத்திரிகை போட்டான். கிளுக். மணமகன். கிளுக். மணமகள். தாங்க முடியாமல் டீக்கடைக்குப் போனான், ஒரு நாளைக்கு ஆறு டீ, வயிறு புண்ணாகிப்போனதுதான் மிச்சம். வீட்டிலாவது உண்மையைச் சொன்னானா? மனைவி வசந்தாவிடமும் அதே கதைதான், புதுசா சேந்த பொண்ணு புத்தகத்தக் கெடுத்துட்டா. பாவம், சின்னப் பொண்ணு, நீ ஒரு வார்த்தை பேசினா அவரு விட்டுட மாட்டாரா, என்று வசந்தா சோற்றைப் போட்டாள். பேசறேன் பேசறேன், என்று இவன் அந்தச் சோற்றைத் தின்றான். இருபத்திரண்டு வருஷமாக இந்த அச்சகத்தில் இருக்கிறான், ஒத்தை விசை தட்டினேன் என்று ஒப்புக்கொண்டால் மிக்கேல் சார் கழுத்தைப் பிடித்தா தள்ளிவிடுவார்? தள்ள மாட்டார். திட்டுவார், ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேச மாட்டார், அவ்வளவுதான். வேலை போகாது. அதுதான் இன்னும் அசிங்கம். தலைபோகிற பயத்தில் பொய் சொன்னவனையாவது மன்னிக்கலாம். இவன் சொன்னது, நான் இருக்கேன் என்று ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் பேசின வசனத்தைக் காப்பாற்ற. மசால் வடையைக் காப்பாற்ற. ஒரு பெண்ணைக் காரைக்காலுக்கு அனுப்பிவிட்டுக் காப்பாற்ற. பக்கம் 290.

சொல்லிவிடலாம். சொல்வது என்று காலையிலேயே தீர்மானித்தாயிற்று, நேற்றுக் காலையும் தீர்மானித்தான் என்பது வேறு. எப்படிச் சொல்வது என்பதுதான். பட்டை முடிகிறது, இவன் எழுந்து உள்ளே போகிறான், கண்ணாடிக் கதவைச் சாத்துகிறான், அது முக்கியம், சாத்திவிட்டால் உள்ளே பேசுவது வெளியே வராது. உட்கார்ந்து, சார், அந்த விஷயத்துல என் பக்கமும் ஒரு சின்ன கவனக்குறைவு, என்று ஆரம்பிக்கலாம். என் பக்கமும். உம் எதற்கு? அந்த உம்மில் அவளும் இருக்கிறாள். சரி, என் பக்கம். சின்ன. சின்னவா? எவ்வளவு கோடு இருந்திருக்கும் என்று இவன் எண்ணியது இல்லை, ஆயிரமா, ஆயிரத்தைந்நூறா. எண்ணிப் பார்க்கத் துணிவு வரவில்லை. வேண்டாம், வேறு மாதிரி, பொண்ணு நல்லா கத்துக்குது சார், இன்னும் ஆறு மாசம் பாக்கலாம், நான் பொறுப்பு. இது நன்றாக இருக்கிறது. அவளுக்கு வேலையும் இருக்கும், இவனுக்குப் பெரிய மனுஷன் பெயரும் வரும், அவள் வந்து நன்றிகூடச் சொல்வாள். அவள் நன்றி சொல்கிற காட்சி கண்முன் வந்ததும் தணிகாசலத்துக்கு உடம்பு கூசியது. மேஜைக்கு அடியில் கால் விரல்கள் செருப்புக்குள் சுருண்டன. சொன்னால் முழுசாகச் சொல், இல்லாவிட்டால் வாயை மூடு. முழுசாகச் சொன்னால் கதவு சாத்தியிருக்கட்டும், அதுமட்டும். பொய்யைச் சொன்னபோது பைண்டிங் ஆட்கள் உள்பட ஊரே நின்றது, நிஜத்துக்கு மட்டும் கதவு. என்ன செய்வது, மனுஷனுக்குக் கொஞ்சம் மானம் வேண்டாமா. யாருடைய மானம்? மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. வாளியில் சொட்டு. பக்கம் 377, 378, இந்தச் சனியன் இதுவரை நத்தையாகப் போய்விட்டு இப்போது ஏன் இப்படி ஓடுகிறது.

பக்கம் 412. பெட்டி மறைந்தது. துணிப்பையின் ஜிப்பை அவள் இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. தணிகாசலம் திரும்பினான். பத்து நாளில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, ஒன்பது நாள் திரையைப் பார்த்த கறுப்பு.

"விண்ணரசி," என்றான். "அந்தக் கோடெல்லாம்... அது நான் தட்டினதும்மா. ஒத்தை விசை."

"தெரியும் சார்," என்றாள் அவள்.

"தெரியுமா?"

"ஆட்டோமேட்டிக்கா வர்ற கோடு தேடினா கெடைக்காது சார், அது டைப் பண்ண எழுத்துக்குள்ள இருக்காது. நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க. நான் அன்னிக்கே தேடிப் பாத்தேன், கெடைச்சுது. அழிச்சத மட்டும் எண்ணிக்கிட்டே வந்தேன், மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தாறுன்னு வந்துச்சு."

"அப்ப ஏம்மா நீ சார்கிட்ட சொல்லல?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அதில் ஒரு அவசரமும் இல்லை.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். மூணு நாள் இருந்தேன் சார். அப்பறம் வேலையப் பாத்தேன்."

மூணு நாள். ஒன்பதில் முதல் மூன்று. அந்த மூன்று நாளும் அவள் ஒவ்வொரு கிளுக்குக்கும் நடுவில் காதைத் தீட்டிக்கொண்டு, இப்ப எழுந்து போவாரு, இப்ப எழுந்து போவாரு என்று இருந்திருக்கிறாள், இவன் எழுந்து டீக்கடைக்குப் போயிருக்கிறான். ஒவ்வொரு தடவை நாற்காலி நகர்ந்தபோதும் அவள் நிமிர்ந்து பார்த்திருப்பாள். ஒரு நாளைக்கு ஆறு டீ, மூன்று நாளைக்குப் பதினெட்டு. நாலாம் நாள் காலை அவள் நிமிரவில்லை. அந்த நாலாம் நாள் என்ன கிழமை, அன்றைக்கு இவன் என்ன செய்துகொண்டிருந்தான், எந்த மணமகன் எந்த மணமகள், எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. வெட்கத்தில் ஒரு மனுஷன் செத்துப்போக முடியும் என்றால் அந்த நாற்காலியிலேயே போயிருப்பான், ஆனால் வெட்கம் அப்படியெல்லாம் சுலபமாக யாரையும் விடுவதில்லை.

"இன்னா தணிகாசலம், ஃபைல் போய்டுச்சா?" உள்ளேயிருந்து மிக்கேல் சார் குரல் வந்தது. "அந்தப் பொண்ண வரச் சொல்லு."

விண்ணரசி ஒரு அடி எடுத்துவைத்தாள். தணிகாசலம் அவளுக்கு முன்னால் எழுந்துவிட்டான், நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது, பைண்டிங் பக்கம் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். நாலே எட்டுதான் அந்த அறைக்கு. கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தான். உள்ளே குளிராக இருந்தது. மிக்கேல் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவனைப் பார்த்தார்.

"நீயா? சரி, கதவச் சாத்திட்டு வா, ஏசி போவுது."

"இருக்கட்டும் சார், தொறந்தே இருக்கட்டும்," என்றான் தணிகாசலம், பின்கட்டு வரைக்கும் கேட்கிற குரலில். "மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தாறு சார். அத்தனையும் நான் தட்டினது."